பட்டாள லாரியைக் குடும்ப வண்டி ஆக்கிய கதை

மோட்டார்ப் பட்டறை என்பது, வண்டியைக் கெடுத்துக்கொண்டு வந்தவர், அதைத் திருத்துகிறவருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் இடம். கையில் கிரீஸ் கறையோடு இதைப் படிக்கும் தோழர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் என் சொல்லை நம்பி மேலே படிக்கலாம்.

நான் இத்தொழிலுக்குப் பிறந்தவள் அல்லள். சித்தூரில் மிஷன் பெண்கள் பள்ளி ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் இலக்கணம் கற்பித்தேன். ஆந்திரம் தனி மாநிலமான பிறகு தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒரு ஜூன் மாதம் வகுப்பே இல்லை என்றார்கள். தையல் கற்பிக்கலாமே என்றார்கள். எனக்குத் தையல் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என் கணவர் ஞானமுத்து யுத்த காலத்தில் பட்டாளத்து மோட்டார்ப் பட்டறையில் வேலை கற்றவர். பாகாலா சாலையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தார். அங்கே வேலைச் சீட்டு எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். மூன்றாம் ஆண்டு அவர் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார்.

கட்டடம் அவருடைய அண்ணனுக்குச் சொந்தம். அடக்கம் முடிந்த வாரமே மூத்தார் வந்து, அடுத்த கிறிஸ்துமஸ் வரை பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் வேலை வந்து பட்டறை நிலைத்தால் நான் நடத்தலாம். இல்லையென்றால் கட்டடத்தை வேறொருவருக்கு விட்டுவிட்டு, என்னை வேலூரில் என் தம்பி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். தம்பி நல்லவன், அவன் மனைவியும் நல்லவள். நல்லவர்கள் வீட்டில் ஓர் ஓரமாக இருப்பது எப்படியிருக்கும் என்பதை என் அத்தை ஒருத்தி இருபது ஆண்டுகள் இருந்து காட்டியிருந்தாள். ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே: பட்டறை. அந்த ஆண்டு வந்த பெரிய வேலையும் ஒன்றே.

கேள்வியும் பதிலும்

வெல்ல மண்டி கஜபதி என்பவர், திருப்பதியில் ஒரு மரக் காண்டிராக்டரிடமிருந்து பழைய பட்டாள லாரி ஒன்றை வாங்கிவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். நான்கு சக்கரமும் இழுக்கும் லாரி. சாதாரண லாரியில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். இதில் ஓட்டுநர் பக்கத்திலுள்ள ஒரு கம்பைத் தள்ளினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். மணலிலும் சேற்றிலும் கரடான ஓடையிலும் ஏறிவிடும். கஜபதிக்குக் குடும்பத்தில் பதினொரு பேர். அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு அருவிக்கும், ஆற்றைத் தாண்டி மாந்தோப்புக்கும், சத்தியவேடு பக்கத்துக் காட்டில் இருக்கும் குலதெய்வத்துக்கும் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்கு மண்டி நண்பர்கள் நால்வர்; நால்வரும் ஆளுக்கொரு லாரியைக் கண்ணில் வைத்திருந்தார்கள். இந்த வண்டி சரியாக அமைந்தால் அந்த நான்கும் எங்களிடம் வரும் என்றார். நான்கு வண்டி என்றால் எனக்கு இரண்டு கிறிஸ்துமஸ்.

எத்தனை பேர் உட்காரலாம், சுமை எங்கே இருந்தால் சரிவில் கவிழாது, வில்பட்டைகளில் எத்தனையைக் கழற்றினால் குலுக்கல் குறையும் என்று அவர் வரிசையாகக் கேட்டார். நான் வரிசையாக, அளவோடு பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டினார். எல்லாம் முடிந்த பிறகு, இருபதடிக்கு அப்பால் டயர் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த எங்கள் மேஸ்திரி கன்னியப்பனைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்:

"டீச்சரம்மா சொன்னத அல்லாம் கேட்டுக்கினேன். நீ இன்னா சொல்ற, மேஸ்திரி?"

பதினொரு பேருக்கு இடம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பமே பட்டறைக்கு வந்தது. கஜபதிக்கு மெத்தை வைத்த ஆசனம் வேண்டும். அவர் மனைவிக்கு அண்டா, ஸ்டவ், சாமான் கூடை வைக்கத் தனி இடம் வேண்டும். மூத்த மகனுக்கு இரட்டை ஹார்ன் வேண்டும். இளைய மகனுக்குத் துப்பாக்கி வைக்கும் கொக்கி வேண்டும். துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டேன், வாங்கப் போவதாகச் சொன்னான். இவற்றையெல்லாம் எண்ணிட்டு எழுதிக்கொண்டேன்.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. பட்டாள லாரியில் இரு பக்கமும் நீளப் பலகை போட்டு, ஆட்கள் முகத்துக்கு முகம் பார்த்து உட்காருவது வழக்கம். அப்படி உட்கார்ந்தால் இரண்டு மருமகள்களும் மாமனாருக்கு நேரெதிரே, முழங்கால் இடிக்க உட்கார வேண்டிவரும். அது கூடாது என்றார் மாமியார். மாமனார் முன்னால் உட்காரட்டும் என்றேன். டிரைவர் பக்கத்தில் ஒரே பலகையில் தாம் உட்காருவதா என்று மாமனார் முகம் சுளித்தார். ஒரு நாழிகை யோசித்து, பலகையை நடுவில் போட்டேன். முதுகோடு முதுகு சேர்ந்து, பாதிப் பேர் வலப்பக்கமும் பாதிப் பேர் இடப்பக்கமும் பார்த்து உட்காருவது. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். சுமையும் வண்டியின் நடுவே நிற்கும், சரிவில் கவிழாது. மரியாதையும் எடையும் ஒரே கோட்டில் அமைந்த பெருமிதத்தில் நான் படத்தை விரித்துக் காட்டினேன். எல்லோரும் பாராட்டினார்கள். பெரிய மருமகள் சுலோசனா மட்டும் படத்தையும், தன் மார்பு உயரத்துக்கு நின்ற லாரித் தளத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள்:

"அக்கா, பதினொரு பேருக்கும் எடம் போட்டுட்டீங்க. பொடவ கட்டிக்கினு இதுல எப்டி ஏறுறது?"

மடக்குப் படி

அவள் கேட்டது நியாயம். ஆண்கள் டயரில் காலை வைத்துத் தாவி ஏறிவிடுவார்கள். ஆகையால் பத்து நாள் பேச்சில் படி என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. என் பட்டியலிலும் இல்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. பின்பக்கம் இரும்புப் படி வைக்கலாம் என்றதும் கன்னியப்பன் மறுத்தார். ஓடையில் இறங்கும்போது வண்டியின் பின்புறம் தரையை உரசும்; படி பாறையில் இடித்துப் பிய்ந்துவிடும் என்றார். அதுவும் நியாயம். எனவே படிக்குக் கீல் வைத்தேன். ஏறும்போது தொங்கவிடுவது, ஏறியதும் மேலே மடித்துக் கொக்கி மாட்டுவது, தவறிப் பாறையில் இடித்தாலும் பின்னோக்கி மடங்குமே ஒழிய உடையாது. அட்டையில் வெட்டி மாதிரி செய்து காட்டினேன். கன்னியப்பன் அதை நாலைந்து முறை மடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இரும்பை எடுக்கப் போனார். அவரிடம் அதுதான் பாராட்டு.

கஜபதி வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் ஏறினார், இறங்கினார், மறுபடியும் ஏறினார். "இது யார் யோசன?" என்றார். கன்னியப்பன் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து, "மொதலாளி இருந்த காலத்திலயே பேசிக்கினு இருந்தது" என்றார். என் கணவருக்குப் படி என்ற ஒன்று உலகில் உண்டு என்பதே தெரியாது. வீட்டு வாசற்படியிலேயே இடறுவார். நான் வாய் திறப்பதற்குள் கஜபதி சுவரிலிருந்த அவர் படத்தை நோக்கிக் கைகூப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்:

"மனுசன் பூட்டாலும் மூளைய இங்கியே வெச்சிட்டுப் பூட்டாரும்மா."

சுவர்ச் சீட்டுகள்

என் வேலை முறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பட்டறை வேலை அதுவரை கன்னியப்பனின் கையில் மட்டுமே இருந்தது. எதை முதலில் கழற்றுவது, எதை எவ்வளவு முறுக்குவது என்று அவருக்குத் தெரியும், ஆனால் சொல்ல வராது. நான் அவர் அருகே நின்று, அவர் செய்வதைப் பார்த்து, கேட்டு, அளந்து, ஒவ்வொரு வேலையையும் எண்ணிட்ட விதிகளாக எழுதினேன். ஒரு விதிக்கு ஒரு வரி. ஒரு வரியில் ஒரு செயல். "பலகைக்கு அடியில் நான்கு போல்ட். எதிரெதிர் மூலைகளை முறுக்குக. ஒரே பக்கமாக முறுக்கினால் பலகை நெளியும்." இப்படி. என் ஆசிரியர் எனக்குக் கற்பித்தது இது: படிப்பவன் திரும்பி வந்து உன்னைக் கேள்வி கேட்டால், நீ எழுதியது போதவில்லை என்று பொருள். எழுதியதை நோட்டில் வைத்துக்கொண்டு, ஒரு பிரதியைச் சுவரில் ஒட்டினேன்.

வேலையாட்கள் முதலில் சிரித்தார்கள். பரீட்சை உண்டா என்று கேட்டார்கள். பிறகு கன்னியப்பனுக்கு அம்மை கண்டு மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரமும் வேலை நிற்கவில்லை. பலகை ஏறியது, கைப்பிடிக் கம்பி ஏறியது, தண்ணீர்த் தொட்டியும் பெட்ரோல் டின்களும் தளத்துக்கு அடியில் தாழ்வாக அமர்ந்தன. எல்லாம் சுவரைப் பார்த்துச் செய்தவை. நான் மிகவும் மகிழ்ந்தேன். உடம்பு தேறி வந்த கன்னியப்பன் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்த்தார். குறை காணவில்லை. பிறகு சுவருக்கு முன் நின்று, விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டி, முதல் சீட்டிலிருந்து கடைசிச் சீட்டு வரை படித்தார். அதற்கு ஒரு முழு மத்தியானம் ஆயிற்று.

"எங்கையில இருந்தத அல்லாம் சொவுத்துல ஒட்டிட்டியேம்மா" என்றார்.

எந்த மாநிலத்து வண்டி

சரக்கு லாரியில் குடும்பத்தை ஏற்றுவதற்கு, வண்டிகளைச் சோதிக்கும் அரசாங்க பிரேக் இன்ஸ்பெக்டரின் ஒப்புதல் வேண்டும். மாற்றம் ஒவ்வொன்றையும் விவரித்து நான்கு பக்கத்தில் விண்ணப்பம் எழுதினேன். அந்நாளில் எல்லைப் பேச்சு உச்சத்தில் இருந்தது. திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது, சென்னைக்குப் போகும் என்றார்கள். சத்தியவேடு சென்னையில் இருந்தது, ஆந்திரத்துக்கு வரும் என்றார்கள். சித்தூர் எங்கும் போகாது என்றார்கள், போகும் என்றும் சொன்னார்கள். போனால் என் தமிழ் வகுப்பு திரும்புமோ என்று ஒரு மாதம் நானும் செய்தித்தாளைத் துழாவினேன். பிறகு விட்டுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வயதானவர், பொறுமைசாலி, தெலுங்கர். விண்ணப்பத்தை முழுவதும் படித்த முதல் அதிகாரி அவர்தான் என்று நினைக்கிறேன். படியை மடித்துப் பார்த்து "பாக உந்தி", நன்றாயிருக்கிறது என்றார். வண்டி வழக்கமாகப் போகும் இடங்கள் என்ற கட்டத்தில் மட்டும் நின்றார். வீடு சித்தூர், மாந்தோப்பு திருத்தணிப் பக்கம், குலதெய்வம் சத்தியவேட்டுக் காடு. ஒன்று இருக்கும் மாநிலம், ஒன்று போகும் மாநிலம், ஒன்று வரும் மாநிலம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். தம் மேசையைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டி, தமக்கு வந்த தமிழில் சொன்னார்:

"பேனா ஒத்து, வேணாம்மா. இப்போதிக்கி பென்சில்ல எழுது."

ஆற்று மணலில்

முதல் பயணம் மாந்தோப்புக்கு. காலையில் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் நான்கு சக்கரத்தையும் ஏற்றிப் புறப்பட்டார்கள். மத்தியானம் மூத்த மகன் பஸ்ஸில் திரும்பி வந்து, வண்டி ஆற்று மணலில் புதைந்துவிட்டது என்றான். நானும் கன்னியப்பனும் பஸ் ஏறி, பிறகு மாட்டுவண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. ஆற்றின் நடுவே லாரி நின்றது. அதன் மேல் ஆறு பேர் ஒரு கரையையும் நான்கு பேர் மறுகரையையும் பார்த்துக்கொண்டு, நான் வகுத்த முறைப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கரையில் ஊரார் கூடி வேடிக்கை பார்த்தார்கள். "பொம்பள பட்டற வண்டியாமே" என்று ஒருவர் இன்னொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் மணலில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். முன்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்ட் இருந்த இடத்தில் காற்று இருந்தது. கஜபதியின் டிரைவரைக் கூப்பிட்டேன்.

"அது பெட்ரோல் குடிக்கும்மா. அதான் கெயட்டிட்டேன்" என்றான்.

"எங்கே அது?"

"வூட்ல பத்திரமா கீது. ஆயுத பூசைக்கி மஞ்சா குங்குமம் வெச்சி சாமி ரூம்ல நிக்க வெச்சோம். அப்பால எடுக்க மனசு வர்ல."

தோழர்களே, உங்களில் எத்தனை பேர் இந்தப் பதிலைக் கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான்கு சக்கர லாரியை வாங்கி, இரண்டு சக்கர லாரியாக்கி, மற்ற இரண்டைக் கும்பிடுவது நம் ஜில்லாவில் புதிதன்று. ஆனால் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று ஜோடி மாடுகள் பூட்டி வண்டியைக் கரையேற்றியபோது, அந்தக் கரையில் நின்றவர்களில் எத்தனை பேர் மண்டித் தெருவுக்கு வருகிறவர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கஜபதியிடம் நிதானமாக விளக்கினேன்: ஷாஃப்ட் இல்லாமல் முன்சக்கரம் இழுக்காது, முன்சக்கரம் இழுக்காவிட்டால் இது வெறும் லாரி, வெறும் லாரி மணலில் புதையும். அவர் முழுவதும் கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா. வண்டிய நல்லா செஞ்சிருந்தா, அது இல்லன்னாலும் ஓடணும் இல்ல?"

தாம்பூலத் தட்டு

இரண்டாம் பயணம் போகும் முன் ஷாஃப்ட்டைச் சாமி அறையிலிருந்து கேட்டு வாங்கி, மஞ்சளைத் துடைத்து, நானே நின்று மாட்டவைத்தேன். நட்டுகளைக் கழற்ற முடியாதபடி பூட்டுக் கம்பி போட்டேன். நானும் கன்னியப்பனும் கூடவே போவது என்று முடிவாயிற்று. சத்தியவேட்டுக் காட்டில் கடைசி மூன்று மைலுக்குப் பாதை கிடையாது. வறண்ட ஓடைதான் பாதை. கன்னியப்பன் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு கம்பைத் தள்ளினார். வண்டி நடப்பதுபோல் மெதுவாக ஏறியது. ஓரிடத்தில் ஒரு பக்கச் சக்கரங்கள் மூன்றடி உயரத்தில் இருந்தன, பலகையில் இருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகனையும் அம்மனையும் கூப்பிட்டார்கள், நான் என் தெய்வத்தைக் கூப்பிட்டேன், வண்டி சாயவில்லை. மேலே நின்றதும் சுலோசனா தானே குனிந்து படியை இறக்கிவிட்டு, மாமியாரைக் கைபிடித்து இறக்கினாள். ஒருவர் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை.

அங்கிருந்து நேரே திருப்பதி. கஜபதி தமது நான்கு நண்பர்களையும் சத்திரத்துக்கு வரச் சொல்லியிருந்தார். அவர்கள் வண்டியைச் சுற்றி வந்தார்கள், அடியில் புகுந்து பார்த்தார்கள், படியை மடித்து மடித்து ரசித்தார்கள். நால்வரும் தங்கள் வண்டியையும் இப்படியே செய்து தரவேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு மூச்சு நேராக வந்தது. கஜபதி கன்னியப்பன் தோளில் சரிகைத் துண்டு போர்த்தினார். அவர் மனைவி வெற்றிலை, பழம், மஞ்சள் கிழங்கு வைத்த தட்டோடு பெண்கள் பக்கம் வந்து, சமையற்காரிக்கும் சத்திரத்தைப் பெருக்குகிறவளுக்கும்கூட எடுத்துக் கொடுத்தார். என் முன்னே வந்ததும் நின்றார். என் நெற்றியைப் பார்த்தார். என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். தட்டு ஒரு கணம் தயங்கி, அடுத்தவளிடம் போயிற்று. நல்ல அம்மாள், சொல்லாமல் போக அவருக்கு மனம் வரவில்லை.

"ஒங்களுக்குக் குடுக்கக்கூடாது, தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சரம்மா. வண்டி ரொம்ப சௌகரியமா கீது."

பலகையில் ஒரு பெயர்

அந்த மழைக்காலம் முடிவதற்குள் எல்லை முடிவாயிற்று. திருத்தணி சென்னைக்குப் போவது என்றாயிற்று. சத்தியவேடு ஆந்திரத்துக்கு வருவது என்றாயிற்று. சித்தூர் இருந்த இடத்தில் இருந்தது. கன்னியப்பனுக்குச் சொந்த ஊர் திருத்தணிக்குப் பக்கம். ஒரு சனிக்கிழமை, கையைக் கழுவிக்கொண்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு என் மேசைக்கு முன் வந்து நின்றார். ஊரோடு போய்விடலாம் என்று இருப்பதாகவும், மைத்துனன் இடம் தருவதாகவும், அங்கே சொந்தமாக ஒரு பட்டறை போடப் போவதாகவும் சொன்னார். பதினெட்டு ஆண்டுகளாக அவர் இன்னொருவர் பட்டறையில் குனிந்திருந்தவர். அவர் கேட்டதில் குற்றம் இல்லை. குற்றம் இல்லாததனால்தான் எனக்குக் கோபிக்கவும் வழி இல்லை.

என் வாழ்வில் நான் அதிகம் கெஞ்சியதில்லை. அன்று கெஞ்சினேன். நான்கு வண்டிகள் வரும் நேரம், கிறிஸ்துமஸுக்கு எட்டு வாரம்தான், மூத்தார் வந்து பார்க்கும்போது வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும் என்றேன். வேண்டுமானால் வாசல் பலகையில் அவர் பெயரையும் எழுதிவிடுகிறேன், இருவருமாக நடத்துவோம் என்றேன். அவர் வெளியே போய்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். அதில் என் கணவர் பெயர் மட்டுமே இருந்தது; என் பெயரை நானே இன்னும் எழுதியிருக்கவில்லை. பிறகு திரும்பி வந்தார்.

"ரெண்டு பேரு எழுதினா, எந்தப் பேரும்மா மொதல்ல வரும்?"

நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"பாத்தியா?" என்றார்.

திருத்தணியில் திறப்பு விழா

நான்கு லாரிகளில் ஒன்றும் சித்தூருக்கு வரவில்லை. மூத்தார் சொன்ன தேதிக்குச் சொன்னபடி வந்து, காலியாக நின்ற தளத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்காராமலே போனார். அவரையும் குறை சொல்ல மாட்டேன்; காலம் தவறாதவர்.

கன்னியப்பன் திறப்பு விழாவுக்குத் தாமே வந்து, தேங்காயும் பழமும் வைத்து அழைத்தார். போகக்கூடாது என்று நினைத்தேன், போனேன். புதிய எல்லையைத் தாண்டும்போது பஸ்ஸில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொட்டகை ஓலைக் கூரையோடு சிறியதாக, சுத்தமாக இருந்தது. உள்ளே நான்கு பட்டாள லாரிகளும் நின்றன. ஒன்றில் நடுப்பலகை ஏறிவிட்டது. ஒன்றில் மடக்குப் படி தொங்கியது. கஜபதி முன்வரிசையில் உட்கார்ந்து பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தார். ஷாஃப்ட்டை இப்போது கழற்றுவதில்லை என்று பெருமையோடு தெரிவித்தார், மேஸ்திரி சொல்லிவிட்டாராம்.

சுவரில் சீட்டுகள் ஒட்டியிருந்தன. கன்னியப்பனின் மகள் பள்ளிக்கூடத்துப் பெண். என் நோட்டை அவர் விடுமுறையில் எடுத்துப் போனதும், அவள் உட்கார்ந்து பார்த்து எழுதியதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கையெழுத்து குண்டு குண்டாக, தெளிவாக இருந்தது. பன்னிரண்டு ஆண்டு பழக்கம் விடாது. விழாவுக்கு வந்தவர்கள் சந்தனம் எடுத்துக்கொண்டிருக்கையில் நான் சுவர் முன்னே நின்று, முதல் சீட்டிலிருந்து கடைசிச் சீட்டு வரை பிழை தேடிப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை. பலகைக்கு அடியில் நான்கு போல்ட். எதிரெதிர் மூலைகளை முறுக்குக. என் வாக்கியங்கள் ஒரு புள்ளி குறையாமல் வேறொருவர் சுவரில் நிமிர்ந்து நின்றன. கன்னியப்பன் அருகே வந்தார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தியைச் சொல்லப் போகிறவர்போல் மலர்ந்திருந்தது.

"ஒரு எய்த்து மாத்தல யம்மா. எங்கியும் ஒரு சந்தேகம் வர்ல. இல்லாங்காட்டி ஒங்கள இட்டுக்கினு வந்து கேக்க வேண்டியிருந்திருக்கும்."

சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது மிகவும் சரியே என்பதை, நிலக்கடலை மூட்டைகள் அடுக்கியிருக்கும் எங்கள் பழைய பட்டறையை, தம்பி வீட்டிலிருந்து வந்துபோகையில் வேலூர் பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் நான் ஒப்புக்கொள்கிறேன்.